பேட்மேன் படங்கள் தடம் மாறியதற்கு யார் பொறுப்பு?

1997 ஜூன் 20 அன்று 'பேட்மேன் அண்ட் ராபின்' வெளியானது. அன்றிலிருந்து அதை இயக்கிய ஜோயல் ஷூமாக்கரின் பெயர் பேட்மேன் ரசிகர்கள் நடுவே ஏறக்குறைய வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. பேட்மேன் உடையில் முலைக்காம்பு வைத்தவர், பேட்மேனின் ஊரான இருண்ட காத்தமை நியான் விளக்குத் திருவிழாவாக்கியவர், ஒரு நல்ல தொடரைக் கொன்றவர் என்றெல்லாம் அவர் மேல் குற்றச்சாட்டுகள் விழுந்தன. அவரும் பழியை ஏற்றுக்கொண்டு ரசிகர்களிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டார். 2020 ஜூனில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் அந்தப் பேச்சு வராமல் இல்லை.

அவருக்கும் அதில் பங்கு உண்டு; அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் 1989 முதல் 1997 வரை வந்த நான்கு படங்களையும், அவற்றுக்கு இடையே எடுக்கப்பட்ட முடிவுகளையும் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால், தொனி மாறிய இடம் படப்பிடிப்புத் தளம் இல்லை என்பது தெரியும். இயக்குநர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பெரும்பகுதி முடிவாகிவிட்டது. யார் எதை எப்போது முடிவு செய்தார்கள் என்று கேட்காமல் போஸ்டரில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதால்தான் இந்த விவாதம் முப்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு படத்தின் தொனி என்பது என்னென்ன சேர்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அரங்கு, உடை, விளக்கு, வசனம், நடிப்பின் அளவு, இசை, படத்தொகுப்பு ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் தொனி. இவை ஒரே நாளில் முடிவாவதில்லை. பெரிய பட்ஜெட் படத்தில் அரங்கும் உடையும்தான் முதலில் உறைந்துபோகும். 1989 படத்துக்காக ஆன்டன் ஃபர்ஸ்ட் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் காத்தம் தெருக்களை முழு அளவில் கட்டினார். இரும்பும் புகையும் அழுக்கும் கலந்த அந்த நகரம் ஆஸ்கர் வாங்கித் தந்தது. அப்படி ஒரு நகரத்தைக் கட்டி முடித்த பிறகு அதற்குள் நின்றுகொண்டு யாராலும் கும்மாளப் படம் எடுக்க முடியாது. வசனமும் நடிப்பும் அடுத்த கட்டம். தளத்தில் கொஞ்சம் வளைக்கலாம். கடைசிவரை மாற்றக்கூடியவை தொகுப்பும் இசையும். இப்போது டிஜிட்டல் வண்ணத் திருத்தமும் சேர்ந்துகொண்டது. ஆகவே ஒரு படத்தின் தொனி கடைசி நேரத்தில் மாற்றப்பட்டிருந்தால், அரங்கு ஒன்று சொல்ல, வசனம் வேறொன்று சொல்ல, நிறம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். தொடக்கத்திலேயே மாற்றப்பட்டிருந்தால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். ஷூமாக்கரின் இரண்டு படங்களும் இரண்டாவது வகை. அரங்கு, விளக்கு, உடை, நடிப்பு எல்லாமே ஒரே குரலில் பேசுகின்றன. அந்த மாற்றம் திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

'அசல் பேட்மேன்' எது என்ற கேள்வியையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1939 மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில் பாப் கேன், பில் ஃபிங்கர் கைவண்ணத்தில் பிறந்தவர் இரவில் உலவும் கடுமையான ஆள். மறு ஆண்டே சிறுவர்களை ஈர்க்கத் துணைவனாக ராபின் சேர்க்கப்பட்டான். 1954இல் காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்தபின் கதைகள் வேற்றுக்கிரகவாசிகளும் விசித்திர உருமாற்றங்களுமாகப் போயின. 1966 ஜனவரி முதல் 1968 மார்ச் வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஆடம் வெஸ்ட் நடித்த 120 பகுதிகள் முழுக்க முழுக்கக் கேலியும் கொண்டாட்டமும். எழுபதுகளில் டென்னிஸ் ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் மறுபடி இரவுக்குக் கொண்டுபோனார்கள். 1986இல் ஃபிராங்க் மில்லர் இன்னும் கடுமையாக்கினார். ஆக, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே ஊசலாடுவது இந்தப் பாத்திரத்துக்குப் புதிதில்லை. ஷூமாக்கர் செய்தது மரபை மீறிய செயல் என்ற வாதம் நிற்காது. அதற்கு முந்தைய இரண்டு படங்களின் தொடர்ச்சியை அவர் மீறினார், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முதல் படத்தின்போது பழி யார் மேல் விழுந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1988இல் பேட்மேனாக மைக்கேல் கீட்டன் நடிக்கிறார் என்ற செய்தி வந்ததும் படத்தைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் அலுவலகத்துக்கு எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. ஐம்பதாயிரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. நகைச்சுவை நடிகர் ஒருவரையும், இயக்குநராக 'பீட்டில்ஜூஸ்' எடுத்த டிம் பர்ட்டனையும் சேர்த்தால் மறுபடி ஆடம் வெஸ்ட் காலத்துக் கேலிக்கூத்துதான் வரும் என்று ரசிகர்கள் பயந்தார்கள். பின்னாளில் எதற்காக ஷூமாக்கரைத் திட்டினார்களோ, அதையே முன்கூட்டிப் பர்ட்டன் மேல் சுமத்தினார்கள். படம் வந்தது, அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 4.05 கோடி டாலர், மொத்தம் 25.1 கோடி, உலக அளவில் ஏறத்தாழ 41 கோடி. டி-ஷர்ட், தொப்பி, பொம்மை என்று வௌவால் சின்னம் போட்ட பொருட்களின் விற்பனை டிக்கெட் வசூலையே தாண்டியது.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அடுத்த எட்டு ஆண்டுக் கதையும் இருக்கிறது. அதே நேரத்தில் வார்னர், டைம் நிறுவனத்தோடு இணைந்துகொண்டிருந்தது. 1990 ஜனவரியில் இணைப்பு முடிந்தது. பத்திரிகை, இசை, தொலைக்காட்சி, காமிக்ஸ், சினிமா எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. பேட்மேன் அந்தக் கூரையின் கீழ் எல்லாக் கடைகளிலும் விற்கக்கூடிய சரக்காகிவிட்டார்.

அடுத்த படத்துக்குப் பர்ட்டன் தயங்கினார். படைப்பில் கூடுதல் சுதந்திரம் தருவதாகச் சொல்லி வார்னர் அவரை அழைத்து வந்தது. ஆகவே 1992இன் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' இந்த நான்கில் இயக்குநரின் கை மிக ஓங்கியிருக்கும் படம். வில்லன் பெங்குவினின் வாயில் கருப்புத் திரவம் வழியும். ஒருவனின் மூக்கைக் கடிப்பான். காத்தமின் தலைப்பிள்ளைகளைக் கடத்திக் கொல்லத் திட்டமிடுவான். பேட்மேன் ஒரு சர்க்கஸ் பயில்வானின் உடம்பில் வெடிகுண்டைச் செருகிவிட்டுச் சிரிப்பார். இது நல்ல படம் என்பதே எங்கள் கருத்து. சொல்லப்போனால் நான்கில் இதுவே துணிச்சலானது. ஆனால் இதே படத்தின் பெயரில் மெக்டொனால்ட்ஸ் சிறுவர்களுக்கான 'ஹேப்பி மீல்' பெட்டியில் பொம்மை வண்டிகளை வைத்து விற்றது. பெட்டியை வாங்கிக்கொடுத்த பெற்றோர் குழந்தையோடு தியேட்டருக்குப் போனார்கள், பார்த்ததும் கொதித்தார்கள். புகார்கள் செய்தித்தாள் வரை போயின.

இங்கே தவறு யாருடையது? பர்ட்டன் தனக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரத்தைப் பயன்படுத்தினார். உணவகம் தன் ஒப்பந்தப்படி பெட்டியை விற்றது. இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டது ஸ்டுடியோ. பெரியவர்களுக்கான படத்தை எடுக்கச் சொல்லி ஒருவரிடமும், ஆறு வயதுக் குழந்தைக்கு விற்கச் சொல்லி இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்கியது. இவ்வளவுக்கும் சான்றிதழ் அதற்கு ஒரு தடையாகவே இல்லை. நான்கு படங்களுக்கும் கிடைத்தது 13 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோரை எச்சரிக்கும் ஒரே பிஜி-13 சான்றிதழ்தான். மூக்கைக் கடிக்கும் படத்துக்கும் அதே எழுத்து, பனிக்கட்டிச் சிலேடைகள் கொட்டும் படத்துக்கும் அதே எழுத்து.

'ரிட்டர்ன்ஸ்' முதல் வார இறுதியில் 4.57 கோடி டாலர் எடுத்துப் புதிய சாதனை படைத்தது. ஆனால் உலக மொத்தம் 26.7 கோடியோடு நின்றது. எட்டுக் கோடி செலவான படத்துக்கு அது தோல்வி இல்லை. ஆனால் கணக்குப் பிள்ளைகள் 41 கோடியோடுதான் ஒப்பிட்டார்கள். மூன்றாவது படத்தைப் பற்றிப் பேசப் போன கூட்டத்திலேயே தன்னை அவர்கள் விரும்பவில்லை என்பது புரிந்துவிட்டதாகப் பர்ட்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் தயாரிப்பாளர் என்று மட்டும் ஒட்டிக்கொண்டது. இயக்குநராக வந்தவர் ஷூமாக்கர்.

தொனி மாறியது அந்த நாளில்தான். எந்த இயக்குநரை அழைக்கிறோம், என்ன சொல்லி அழைக்கிறோம் என்பதே ஸ்டுடியோ எடுக்கும் மிகப் பெரிய படைப்பு முடிவு. மில்லரின் 'பேட்மேன்: இயர் ஒன்' கதையைப் படமாக்கத்தான் தனக்கு ஆசை, ஸ்டுடியோ அதற்கு இடம் தரவில்லை என்றார் ஷூமாக்கர். அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 'ஃபாலிங் டவுன்' எடுத்தவர் அவர். 1997க்குப் பிறகு 'டைகர்லேண்ட்', 'ஃபோன் பூத்' என்று இறுக்கமான, இருண்ட படங்களை எடுத்தவரும் அவரே. வசனம் எழுதிய அகிவா கோல்ட்ஸ்மன் சில ஆண்டுகளில் வேறொரு படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார். உடை வடிவமைத்த பாப் ரிங்வுட் 1989 முதல் 1995 வரை மூன்று படங்களிலும் இருந்தார். பேட்மேனின் பணியாளர் ஆல்ஃப்ரெடாக மைக்கேல் காஃப், கமிஷனர் கார்டனாக பாட் ஹிங்கிள் நான்கிலும் நடித்தார்கள். ஆள் மாறாமலே தொனி மாறியது என்றால், மாறியது மேலிருந்து வந்த உத்தரவு.

ஆனால் நாணயத்தின் மறுபக்கமும் உண்டு. மைக்கேல் கீட்டன் மூன்றாவது படத்திலிருந்து விலகியதற்குச் சொன்ன காரணம் ஷூமாக்கருக்குச் சாதகமாக இல்லை. எல்லாமே ஏன் இவ்வளவு இருட்டாக, சோகமாக இருக்க வேண்டும் என்று ஷூமாக்கர் கேட்டதாகவும், இந்த மனிதன் பேட்மேன் ஆனது எப்படி என்பதே அவருக்குத் தெரியவில்லையோ என்று தமக்குத் தோன்றியதாகவும் கீட்டன் சொல்லியிருக்கிறார். இரண்டு சாட்சியமும் உண்மையாக இருக்கலாம். உத்தரவு மேலிருந்து வந்தது. அதை அவர் வேண்டாவெறுப்பாகச் செய்யவில்லை, விரும்பியே செய்தார். உடை வடிவமைப்பாளராகவும் கடை ஜன்னல் அலங்கரிப்பவராகவும் தொழிலைத் தொடங்கிய மனிதருக்கு நிறமும் பகட்டும் பிடிக்கும். முலைக்காம்பு விஷயத்தில் கிரேக்கச் சிலைகளையும் உடற்கூறு ஓவியங்களையும் காட்டியவர் அவர்தான். அதை ஸ்டுடியோ கேட்கவில்லை.

1995இன் 'பேட்மேன் ஃபாரெவர்' தொகுப்பு மேசையில் என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வில்லன் டூ-ஃபேஸ் ஆர்க்கம் மனநோய் விடுதியிலிருந்து தப்பியதைக் காட்டும் காட்சி எடுக்கப்பட்டது. பெற்றோர் இறந்த இரவையும் தந்தையின் சிவப்பு நாட்குறிப்பையும் நினைத்துக் குற்ற உணர்ச்சியில் மூழ்கும் புரூஸ் வெய்ன் (முகமூடி இல்லாத பேட்மேன்), குகைக்குள் இறங்கி ஆள் உயர வௌவால் ஒன்றின் எதிரில் நிற்கும் காட்சியும் எடுக்கப்பட்டது. இரண்டும் வெளியான படத்தில் இல்லை. 2005 டிவிடியில் நீக்கப்பட்ட காட்சிகளாக வந்தபோதுதான் பலரும் பார்த்தார்கள். இருண்ட, நீளமான ஒரு வடிவம் இருந்தது என்று கோல்ட்ஸ்மனும் உறுதி செய்தார். அவற்றுக்குப் பதிலாக ரசிகர்கள் பார்த்த தொடக்கம் இது: பேட்மேன் கவசத்தை மாட்டுகிறார், சாண்ட்விச் வேண்டுமா என்று ஆல்ஃப்ரெட் கேட்கிறார், வழியில் டிரைவ்-த்ரூவில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். அந்த வரி அப்படியே மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்திலும் ஓடியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளர், படத்தின் முதல் நிமிடத்திலேயே விருந்துக்கு அழைக்கப்பட்டார்.

குகைக் காட்சி இல்லாததால் கதையிலும் ஓட்டை விழுந்தது. தன் உள்ளத்தில் இருந்த முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்று காட்டாமலே, புரூஸ் வெய்னாகவும் பேட்மேனாகவும் இருப்பது தன் சொந்தத் தேர்வு என்று படத்தின் முடிவில் அவர் அறிவிக்கிறார். கீட்டனுக்குப் பதிலாகப் பேட்மேன் ஆன வால் கில்மரின் நடிப்பு வெறுமையாக இருக்கிறது என்று திட்டியவர்கள், அவர் நடித்ததில் கனமான பகுதி வெட்டப்பட்டது என்பதை அறியாமல் திட்டினார்கள். அதே நேரத்தில் வில்லன் ரிட்லராக வந்த ஜிம் கேரியின் துள்ளல் படம் முழுக்க நிறைந்திருந்தது. தொகுப்பு ஒரு பக்கத்தை மெலிய வைத்து மறுபக்கத்தை ஊட்டி வளர்த்தால், தொனி தானாகச் சாய்ந்துவிடும்.

இனி வசூல் கணக்கு. 'மக்கள் இருட்டை விரும்பவில்லை, வெளிச்சத்தை விரும்பினார்கள், ஆகவே மாற்றினோம்' என்பதுதான் ஸ்டுடியோ தரப்பு வாதம். ஆதாரமாக 'ஃபாரெவர்' வசூலைக் காட்டுவார்கள்: முதல் வார இறுதியில் 5.28 கோடி டாலர், உலக மொத்தம் 33.7 கோடி. 'ரிட்டர்ன்ஸ்' எடுத்த 26.7 கோடியைவிட நிச்சயம் அதிகம்தான். ஆனால் முதல் வார இறுதி வசூல் படத்தின் தரத்தைச் சொல்லாது. விளம்பரமும் நடிகர் பெயரும் முந்தைய படத்தின் நினைவும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. படத்தைப் பார்த்தவர்கள் வெளியே போய் என்ன சொன்னார்கள் என்பதை அறிய, அமெரிக்க மொத்த வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுத்துப் பார்க்க வேண்டும். 1989 படத்துக்கு 25.1 வகுத்தல் 4.05, அதாவது 6.2 மடங்கு. 'ரிட்டர்ன்ஸ்' 16.28 வகுத்தல் 4.57, ஏறத்தாழ 3.6. 'ஃபாரெவர்' 18.4 வகுத்தல் 5.28, ஏறத்தாழ 3.5. 'பேட்மேன் அண்ட் ராபின்' 10.73 வகுத்தல் 4.29, அதாவது 2.5.

இருண்ட 'ரிட்டர்ன்ஸ்' படமும் வண்ணமயமான 'ஃபாரெவர்' படமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தாங்கின; இம்மி வித்தியாசத்தில் இருண்ட படமே மேல். 'ஃபாரெவர்' கூடுதலாகச் சம்பாதித்தது திறந்த வேகத்தில்தான், நின்ற வலுவில் இல்லை. அந்த ஆண்டு உச்சத்தில் இருந்த ஜிம் கேரியும், எங்கும் ஒலித்த பாட்டுத் தொகுப்பும், பத்துக் கோடி செலவும் அந்த வேகத்தைக் கொடுத்தன. வார்னர் அதைத் தொனிக்குக் கிடைத்த வெற்றியாகப் படித்தது. அந்தத் தவறான வாசிப்புதான் நான்காவது படத்தைப் பெற்றெடுத்தது.

நான்காவது படத்தில் கோளாறு எங்கே நுழைந்தது என்று கேட்டால், நாட்காட்டியில் என்றுதான் சொல்ல வேண்டும். 'ஃபாரெவர்' ஜெயித்ததும் 1997 கோடைக்கு அடுத்த படம் என்று முடிவானது. ஷூமாக்கரின் 'எ டைம் டு கில்' 1996 ஜூலையில் வெளியானது; செப்டம்பரில் பேட்மேன் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. படப்பிடிப்பு 1997 ஜனவரியில், திட்டமிட்டதைவிட இரண்டு வாரம் முன்பே முடிந்தது. இந்த முறை பேட்மேனாக வந்த ஜார்ஜ் க்ளூனி அப்போது 'ஈஆர்' தொலைக்காட்சித் தொடரிலும் நடித்துக்கொண்டிருந்தார். இந்த அளவு படத்துக்கு இது மூச்சுவிட முடியாத வேகம். திரைக்கதையைத் திருத்தி எழுதவும், சரிப்படாத காட்சியைத் தூக்கிப்போட்டு வேறொன்று எடுக்கவும் இடமே இல்லை.

பொம்மைகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பொம்மை ஒன்று வரைபடத்திலிருந்து கடை அலமாரிக்கு வர ஓராண்டுக்கும் மேல் ஆகும். வடிவம் ஒப்புதலான பிறகு இரும்பு அச்சு வெட்ட வேண்டும். அச்சு வெட்டிவிட்டால் மாற்றுவது பெரும் செலவு. பிறகு உற்பத்தி, கப்பல் பயணம், கிடங்கு. அந்நாளில் பிப்ரவரியில் நடந்துவந்த நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் கடைக்காரர்கள் மாதிரிகளைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். ஜூனில் படம் வர வேண்டுமானால், முதல் ஷாட் எடுப்பதற்கு முன்பே வண்டியும் ஆயுதமும் உடையும் முடிவாகியிருக்க வேண்டும். பொம்மை நிறுவனத்தார் வடிவமைப்புக் கூட்டங்களில் வந்து உட்கார்ந்ததையும், படம் 'டாய்யெட்டிக்' ஆக, அதாவது பொம்மையாக விற்கத் தோதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டதையும் ஷூமாக்கரே டிவிடி ஆவணப்படத்தில் சொன்னார். ராபினாக நடித்த கிறிஸ் ஓ'டானல், முந்தைய படத்தில் சினிமாவில் நடிப்பது போல இருந்தது, இதில் பொம்மை விளம்பரத்தில் நடிப்பது போல இருந்தது என்ற பொருளில் பேசினார்.

படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். கடைசிச் சண்டைக்கு முன் பேட்மேன், ராபின், பேட்கேர்ள் மூவரும் திடீரென்று வெள்ளி பூசிய வேறு உடைகளில் வந்து நிற்கிறார்கள். எப்போது மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதற்குக் கதையில் ஒரு வரிகூட இல்லை. ஆளுக்கொரு புதிய வண்டியும் கிடைக்கிறது. கதைக்குத் தேவையில்லாமல் மூன்றாம் பகுதியில் உடையும் வண்டியும் மாறினால், அலமாரியில் இரண்டாவது வரிசைப் பொம்மைகள் காத்திருக்கின்றன என்று பொருள்.

இந்தப் படத்தில் எங்களுக்கு மிகவும் வலிக்கும் இடம் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ். 1992 செப்டம்பரில், 'ரிட்டர்ன்ஸ்' வந்து சில வாரங்களே ஆன நிலையில், ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடங்கியது. அதில் பால் டினி எழுதி புரூஸ் டிம் இயக்கிய 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற பகுதி, அதுவரை வெறும் பனித்துப்பாக்கி வில்லனாக இருந்த ஃப்ரீஸுக்கு நோரா என்ற நோயுற்ற மனைவியைக் கொடுத்தது. உறைய வைக்கப்பட்ட மனைவியைக் காப்பாற்ற முடியாத ஒருவனின் துக்கம் இருபத்திரண்டே நிமிடத்தில், சிறுவர்கள் பார்க்கும் நேரத்தில், ஒரு சொட்டு ரத்தமில்லாமல் சொல்லப்பட்டது. எம்மி விருதும் கிடைத்தது. 'பேட்மேன் அண்ட் ராபின்' இதே நோராவை, இதே துக்கத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் இரண்டரைக் கோடி டாலர் சம்பளத்தில் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் வந்தபோது, அவரிடம் சந்தை எதிர்பார்த்தது ஒற்றைவரிப் பஞ்ச் வசனங்கள். ஆகவே உறைந்த மனைவிக்காக ஒரு காட்சியில் கண்கலங்கும் அதே மனிதன், அடுத்த காட்சியில் பனி, குளிர் என்று சிலேடை பேசிக்கொண்டே இருக்கிறான். கதை ஒரு திசையிலும் நட்சத்திரச் சம்பளம் எதிர்த்திசையிலும் இழுத்தன.

குழந்தைகளுக்கு ஏற்றதாக்க வேண்டுமானால் லேசாக்கித்தான் ஆக வேண்டும் என்ற வாதத்துக்கு அந்தக் கார்ட்டூனைவிட வலுவான மறுப்பு இல்லை. அதுவும் அதே வார்னரின் தயாரிப்பு. அடுத்த கட்டடத்தில் இருந்த விடையை இந்தக் கட்டடம் பார்க்கவில்லை.

ஷூமாக்கரின் பங்கு இங்கேதான் கனக்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் ஒலிபெருக்கியில் 'இது கார்ட்டூன், மறந்துவிடாதீர்கள்' என்று அவர் நடிகர்களுக்கு நினைவூட்டியதாகப் படத்தில் நடித்த ஜான் க்ளோவர் சொல்லியிருக்கிறார். பொம்மை விற்க வேண்டும் என்று ஸ்டுடியோ சொன்னது. அதற்காக நடிகர்கள் எல்லோரும் ஒரே உச்சஸ்தாயியில் நடிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. மூலக் கார்ட்டூனில் ஃப்ரீஸ் குரலை உயர்த்தவே மாட்டான் என்பதை யோசித்தால் இந்தத் தவறின் அளவு புரியும். எங்கள் கணக்கில் 1995இன் திருப்பத்துக்கு ஏறத்தாழ முழுப் பொறுப்பும் ஸ்டுடியோவுடையது. 1997இல் நாள் நெருக்கடியும் பொம்மையும் ஸ்டுடியோவின் தவறு, நடிப்பும் நகைச்சுவையின் ரகமும் இயக்குநரின் தவறு. இரண்டாம் வார இறுதியில் வசூல் 63 விழுக்காடு சரிந்தது. 12.5 கோடி செலவான படம் உலகமெங்கும் 23.8 கோடி மட்டுமே வசூலித்தது. திட்டத்திலிருந்த ஐந்தாவது படம் கைவிடப்பட்டது.

எல்லாத் தொடரும் இதே வழியில் தடம் மாறுவதில்லை. 'சூப்பர்மேன் 2' விஷயத்தில் முடிவெடுத்தவர்கள் தயாரிப்பாளர்களான சால்கைண்ட் குடும்பத்தார். ரிச்சர்ட் டானர் முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார்; செலவு பற்றிய சண்டையில் 1979இல் அவரை நீக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டுவந்து, டானர் எடுத்ததில் நிறையத் திரும்ப எடுத்தார்கள். வில்லனாக நடித்த ஜீன் ஹேக்மன் திரும்பி வர மறுத்ததால் சில இடங்களில் வேறு ஆளின் முதுகும் வேறு ஆளின் குரலும் தெரியும். சூப்பர்மேனின் அப்பாவாக நடித்த மார்லன் பிராண்டோவின் காட்சிகள் தூக்கப்பட்டு அம்மா பாத்திரம் அந்த வசனங்களைப் பேசியது. தொனி நடுவே மாறிய படத்தில் தையல் தெரியும் என்று முன்னால் சொன்னதற்கு இது பாடநூல் எடுத்துக்காட்டு. டானர் வடிவம் 2006இல்தான் வெளிவந்தது.

'ஜஸ்டிஸ் லீக்' இன்னும் சிக்கல். 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' 2016 மார்ச் 25 அன்று வெளியாகி, இரண்டாம் வாரம் 69 விழுக்காடு சரிந்தது. 'ஜஸ்டிஸ் லீக்' படப்பிடிப்போ ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. திசையை மாற்ற நேரமில்லை, நிறுத்தவும் முடியாது. மகளை இழந்த துயரத்தில் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் 2017 மே மாதம் விலகினார். ஜாஸ் வீடன் வந்து புதிய காட்சிகள் எடுத்தார். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. சாம்பல் நிறக் காட்சிகளுக்கு வெளிச்சமும் சிவப்பு வானமும் பூசப்பட்டன. வேறு படத்துக்காக மீசை வளர்த்திருந்த ஹென்றி காவிலின் மேலுதட்டை கணினியில் மழித்தார்கள். அந்த உதடு அசைவதைப் பார்த்தாலே எந்தக் காட்சி பின்னால் எடுத்தது என்று சொல்லிவிடலாம். இவ்வளவுக்குப் பிறகும் நவம்பர் 17 அன்று திரையில் வந்த இயக்குநர் பெயர் ஸ்னைடர் மட்டுமே. வீடனுக்குத் திரைக்கதையில் பாதிப் பெயர். பெயர்ப் பலகையை வைத்துப் பழி போடுவது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு வேறென்ன வேண்டும்? 2021 மார்ச்சில் வந்த ஸ்னைடரின் வடிவம் 242 நிமிடம் ஓடியது.

ரசிகர்களுக்கும் பங்கு உண்டா என்று சிலர் கேட்பார்கள். உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. 1988இன் ஐம்பதாயிரம் கடிதங்கள் கீட்டனை மாற்றவில்லை. 1992இல் பெற்றோர் எழுப்பிய புகாரோ பர்ட்டனை மாற்றியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இரண்டாவது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு விளம்பரக் கூட்டாளி நின்றார் என்பதுதான். ஸ்டுடியோ காதில் விழுவது சத்தத்தின் அளவு அல்ல, அது எந்த ஒப்பந்தத்தைத் தொடுகிறது என்பது.

வார்னர் மறுபடி பேட்மேனை எடுக்க எட்டு ஆண்டுகள் ஆயின. 2003 தொடக்கத்தில் கிறிஸ்டோபர் நோலன் ஒப்பந்தமானார். 2005 ஜூனில் 'பேட்மேன் பிகின்ஸ்' வந்தது. அவரும் டேவிட் கோயரும் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில், நோலன் வீட்டுக் கார் கொட்டகையில் கலை இயக்குநர் நேதன் க்ரௌலி கடையில் கிடைக்கும் மாடல் வண்டிகளின் துண்டுகளை ஒட்டி ஒரு பேட்மொபீல் செய்துகொண்டிருந்தார். கதையும் வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன. பிறகுதான் முழு அளவு வண்டி. அதன் பொம்மையும் கடைக்கு வந்தது, எல்லாம் முடிவான பிறகு.